கொம்பைக் கழற்றிய தொரை

“செத்த பேய் எழும்பி வந்து கும்பிடு போடுமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க.”

கேட்டுவிட்டுப் பெரிய கிளாக்கர் இராயப்பன் தானே சிரித்தும் கொண்டார். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி அந்தச் சிரிப்பில் குலுங்கியது. கல்லுமலைத் தோட்டத்தில் தொப்பியில்லாத இராயப்பனைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவர் சம்சாரம் ஷிராணி, இன்னொன்று முடிவெட்டுகிறவர். அவருக்கும் அந்தத் தலையில் பெரிதாக வேலை இல்லை என்று லயத்துப் பக்கம் பேச்சு. மாதா கோயிலுக்குள் போனால்கூடச் ‘சளி’ என்று சொல்லித் தொப்பியோடு முழங்காலிடுகிற ஒரே மனிதர்.

கேதீஸ்வரி டீச்சர் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக ஹட்டனில் கணக்குப் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து மனுஷி அவர். பக்கத்து வாங்குக்காரனைப் பார்த்து எழுதியவனை விடையை வைத்தல்ல, பிழையை வைத்துப் பிடிப்பார். அந்தப் பெயர் பள்ளிக்கூட மதிலைத் தாண்டிப் பரவி, காணாமல் போன கோழியிலிருந்து ஓடிப்போன மாப்பிள்ளைவரை அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தது. இன்று வந்தது நாகலெட்சுமி, மகன் அழகனைக் களவு சொல்லிப் பூட்டிவிட்டார்கள் என்று. ஆகஸ்ட் லீவு, திங்கட்கிழமை, டீச்சர் சோறு போட்டு உட்கார்ந்த நேரம். அழுத அழுகையில் டீச்சர் கையைக் கழுவிவிட்டு எழும்பி, நேரே கிளாக்கர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பேய் கும்பிடாதுங்க கிளாக்கரய்யா,” என்றான் கதவோரம் நின்ற செல்லசாமி. “பெரிய எடத்து ஆளுங்களே கும்பிடறதில்ல. பேய்க்கு என்ன தலையெழுத்து?”

செல்லசாமி த்ரீவீலர் ஓட்டுகிறவன். டீச்சருக்கு உதவியாள் என்ற பதவியைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவன்.

“செல்லசாமி, வாயை மூடும்,” என்றார் டீச்சர். “ஐயா, ஒருக்கா முதல்ல இருந்து சொல்லுங்கோ. நான் மெதுவா விளங்குற ஆள்.”

இராயப்பனுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. கதிரையில் நன்றாகச் சாய்ந்தார்.

விஷயம் இதுதான். மாதா திருநாளுக்காகக் கோயிலில் சுரூபத்துக்கு வெள்ளிக் கிரீடம் வைத்திருந்தார்கள். திருநாள் முடியும்வரை கோயிலில் ஆள் மாற்றி ஆள் காவல் இருப்பது தோட்டத்து வழக்கம். சனிக்கிழமை பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்துவரை காவல்முறை இராயப்பனின் மகன் றிச்சர்ட்டுக்கு.

“புள்ள ரெண்டே நிமிஷம் வெளிய போயிருக்கான். அதுக்குள்ள கிரீடத்த அடிச்சிட்டான். மூணேமுக்காலுக்கு அழகன் கோயில் பின்பக்கமா போறத நான் என் கண்ணால கண்டேன். திருநாளுக்கு லைட் கட்டினவனே அவன்தானே? உள்ள வெளிய எல்லாம் தெரியும்.”

“அழகன் என்ன சொல்லுறார்?”

“அந்த நேரம் ஹட்டன்ல லக்ஸ்மன் கடையில கேம் அடிச்சானாம். பேய்க்கோட்டை. கடைசிவரைக்கும் முடிச்சானாம்! லக்ஸ்மன்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். வரவே இல்லைங்கிறான். சரி, முடிச்சியேடா, முடிவு என்னான்னு கேட்டேன். செத்த பேயெல்லாம் வரிசையா வந்து கும்பிடுதாம். தோட்டமே சிரிச்சிருச்சு டீச்சர்! முடிவு எங்களுக்குத் தெரியாதா? எட்டு மாசமா இந்த ஹோல்லதானே ஓடுது.”

அது உண்மைதான். போன கிறிஸ்மஸுக்கு வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பிய டிவி கேம், இராயப்பனின் பெருமைகளில் இரண்டாவது. முதலாவது பதவி. மூன்றாவது, கொத்மலை நீர்த்தேக்கம் வற்றிப்போய் நாடெல்லாம் கரண்டு வெட்டினாலும் ஃபெக்டரி ஜெனரேட்டர் லைன் இருப்பதால் இந்த வீட்டில் மட்டும் பல்பு அணையாது என்பது. டிவியில் பேய் வெட்டுவதைப் பார்க்கத் தோட்டத்துச் சனம் ஜன்னலில் தொங்கும். உள்ளே வரச் சொன்னதாகச் சரித்திரமில்லை.

“றிச்சர்ட், டீச்சருக்குக் கடைசிக் கட்டத்த காட்டு.”

றிச்சர்ட் பத்தொன்பது வயது. ஏஎல் பரீட்சை மூன்றாம் தரம் எழுதப்போவதாக வீட்டில் ஐதீகம். கண்ணைச் சிமிட்டாமல் ஆடி முடிக்கிற இடத்துக்கு வந்தான். வாள்காரன், கோடாலிக் குள்ளன், நெருப்புக்காரி என்று மூன்று வீரர்களில் அவன் எடுத்தது வாள்காரனை. பாலத்தில் இரண்டு எலும்புக்கூடுகளும், கடைசியில் கொம்பு வைத்த ராஜா ஒருவனும் விழுந்தார்கள். அந்த ராஜாவுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள், தோட்டத்து மனேஜரைக் கூப்பிடுகிற பெயரையே வைத்திருந்தார்கள், ‘தொரை’. உடனே தரை பிளந்து, அடியிலிருந்து இன்னும் பெரிய கொம்போடு இன்னொருத்தன் எழும்பினான். இவன் ‘பெரிய தொரை’. அவனும் விழுந்தான். திரை கறுத்து, மதிப்பெண் வந்தது. அவ்வளவுதான்.

“கும்பிடு எங்க?” என்றார் இராயப்பன் வெற்றியோடு.

டீச்சரின் கண் திரையில் இல்லை. கேம் வந்த வெற்றுப் பெட்டி, கொம்பு வைத்த பேயின் படம் போட்ட அட்டைப் பெட்டி, வழக்கமாக ஷோகேஸில் கிளாஸ் சாமான்களோடு நிற்கும். இன்று அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. அதன் முன்னால் ஒரு கிண்ணம் நிறையச் செவ்வந்தி. பக்கத்தில் மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“மத்தியானத்தில மெழுகுதிரி?” என்று கேட்டார் டீச்சர், தேத்தண்ணி கொண்டுவந்த ஷிராணியிடம்.

ஷிராணி தட்டை அவசரமாக மேசையில் வைத்தாள். “கரண்டு போகும்ல டீச்சர்... அதுக்குத்தான்.”

“ஓமோம்,” என்றார் டீச்சர். தேத்தண்ணியைக் குடித்தார். சீனி அதிகம்.

“பொலிஸ் ஜீப் அஞ்சு மணிக்கு வருது,” என்றார் இராயப்பன். “அதுவரைக்கும் மடுவத்துல பூட்டி வச்சிருக்கேன்.”

★

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அழகன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. ஊரெல்லாம் வயர் இழுக்கிறவன். இந்தப் பக்கம் நாகலெட்சுமி கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“டீச்சரம்மா, இவனுக்கு ஐடென்டிட்டி கார்ட் இல்லைங்க. ரெண்டு வருஷமா பாரம் கிளாக்கரய்யா ட்ராயருக்குள்ள தூங்குது. தொரையோட கையெழுத்தும் சீலும் வாங்கிக் குடுக்கணும், அவ்வளவுதான். போன மாசம் இவன் ஒபிஸ்ல போய் எல்லார் முன்னாடியும் கேட்டுப்புட்டான். அதுல இருந்துதான் அவருக்கு ஆத்திரம்.”

டீச்சர் கம்பிக்குப் பக்கத்தில் வந்தார். அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பொடியன் ஜீப்பில் ஏறினால், ஏறுவது களவுக் கேஸில், இறங்குவது எந்தக் கேஸில் என்று யாருக்கும் தெரியாத வருஷம் அது, தொண்ணூற்றாறு. போனமுறை இந்தப் பக்கத்திலிருந்து ஏறிய ஒருவன் இன்னும் இறங்கவில்லை.

“தம்பி, கொழும்புக்குப் போயிருக்கிறீரோ?”

“கார்ட் இல்லாம எப்படிங்க டீச்சர்? நானுஓயாவுக்கு அங்கிட்டுப் போனதில்ல. அதுவும் கல்யாணத்துக்கு.”

“றிச்சர்ட் வீட்டில இந்தக் கேம் விளையாடினனீரோ?”

“ஜன்னல்ல பாத்திருக்கேன். ஒரு தடவ தலைய விட்டேன், கிளாக்கரய்யா ஜன்னல சாத்திட்டாரு.”

“பேய் கும்பிட்டது எண்டது...”

அழகன் நிமிர்ந்தான். “சத்தியமா டீச்சர். தொரை விழுந்ததும், செத்ததெல்லாம் எழும்பி வந்து வரிசையா நின்னுச்சு. காமன் கூத்து முடிஞ்சதும் ஆட்டக்காரங்க நிப்பாங்கல்ல, அது மாதிரி. கடைசில தொரையும் வந்தான். வந்து கொம்பக் கழட்டிக் கையில புடிச்சிக்கிட்டு குனிஞ்சான். உள்ள மொட்டத் தல. அப்படியே கரண்டு போயிருச்சு.”

“பொய் சொல்லுறதெண்டா ஊருக்குத் தெரிஞ்ச முடிவையே சொல்லியிருக்கலாமே?”

“அப்பிடித்தான் எங்கம்மாவும் திட்டுச்சுங்க.”

த்ரீவீலரில் ஏறியதும் செல்லசாமி கேட்டான். “என்னங்க டீச்சர், பையன் சரியான முட்டாளா?”

“இல்லை. ஜன்னல்ல நிண்டு றிச்சர்ட் வீட்டு முடிவைப் பார்த்தவன். அதைத் திருப்பிச் சொல்லியிருந்தா ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டினம். அதைச் சொல்லேல்லை. ஓடும், லக்ஸ்மன் கடைக்கு.”

★

லக்ஸ்மனின் கேம் கடை ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. படிக்கட்டில் கால் வைத்தாலே பணிஸ் வாசமும் பெடியன்களின் காலுறை வாசமும் சேர்ந்து ஏறும். வாசலில் புதுப் பலகை:

பேய்க்கோட்டை! மலைநாட்டில் இதுவே முதல் மெஷின்! ஒரே டோக்கனில் முடிப்பவருக்கு டிவி கேம் இலவசம்! இதுவரை முடித்தவர் ஒருவரும் இல்லை!

“அழகனா?” என்றான் லக்ஸ்மன், கண்ணாடியில் மீசையைப் பார்த்தபடி. “அவன் இந்தப் பக்கமே வரலைங்களே. அவனெல்லாம் வந்தா சும்மா நின்னு வேடிக்கைதான் பாப்பான்.”

“மெஷின் எப்ப வந்தது?”

“வெள்ளிக்கிழமை ரயில்ல. சனிக்கிழமை ரெண்டு மணிக்குத் தேங்காய் உடைச்சுத் தொறந்தேன். நாலரைக்கு கரண்டு போனதும் மூடிட்டேன். ஞாயிறு லீவு. இன்னைக்குக் காலையில இருந்து பாக்கிறேன், ஒருத்தனும் பாலத்தத் தாண்டல. பெருமைக்குச் சொல்லல டீச்சர், இந்த மெஷினோட முடிவு தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கத்துல கிடையாது. நானே பாத்ததில்ல.”

“அப்ப இந்தப் பலகையில எழுதினது?”

“அட்சரம் பிசகாம உண்மை.”

“பொலிசுக்கு முன்னாலயும் சொல்லுவீரோ?”

“கோயில்ல வந்து சொல்லுவேங்க.”

“எந்தக் கோயில்னு பாத்துச் சொல்லுங்க அண்ணே,” என்றான் செல்லசாமி. “ஒரு கோயில்ல ஏற்கனவே சாமான் காணோம்.”

டீச்சர் மெஷினின் முன்னால் போய் நின்றார். முகத்தில், வகுப்பில் மேசைக்கடியில் சுவிங்கம் கண்டால் வருகிற அருவருப்பு. யாரும் விளையாடாதபோது மெஷின் தானாகவே கொஞ்சம் ஆடிக் காட்டும். நெருப்புக்காரி பாலத்தில் ஓடினாள், எதிரே எலும்புக்கூடுகள் வந்தன. டீச்சர் விரலை மடக்கி எண்ணினார். பிறகு இன்னொரு முறை எண்ணினார்.

“அஞ்சு,” என்றார்.

“என்னங்க அஞ்சு?”

“கிளாக்கர் வீட்டில பாலத்தில ரெண்டு எலும்புக்கூடுதான் வந்தது. இங்க அஞ்சு. செல்லசாமி, பெரிய மெஷினில ஓடுறதைச் சின்னப் பெட்டிக்குள்ள அடைக்கேக்க அவை வெட்டிப்போட்டினம். வெட்டின குறைக்கு வேற ஏதாவது ஒட்டியுமிருப்பினம். புதுப் புத்தகம், பழைய புத்தகம் மாதிரி. பழைய புத்தகத்தின்ர விடையைப் பாத்து எழுதினவன் புதுக் கணக்குக்குப் பெயிலாவான். தோட்டம் முழுக்கப் பழைய புத்தகத்தை வைச்சுக்கொண்டு அழகனைப் பெயிலாக்கிப் போட்டு நிக்குது.”

செல்லசாமி மெதுவாக விசிலடித்தான். “அப்ப ரெண்டு முடிவுங்களா?”

“அது எனக்குத் தெரியாது. பாக்கோணும்.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. “நாலரைக்கு கரண்டு போகும். அதுக்குள்ள அழகனை இங்க கொண்டுவரோணும்.”

“கிளாக்கரய்யா விடுவாருங்களா?”

“கெஞ்சினா விடமாட்டார். பகிடி பண்ணினா விடுவார். அவருக்கு டெலிபோன் எடும்.”

எடுத்தார்கள். டீச்சர் பேசியது ஒரே வசனம். “ஐயா, அழகன் விளையாடத் தெரியாதவன் எண்டதை எல்லாருக்கும் முன்னால காட்டினா நல்லதெல்லே, அல்லது உங்களுக்குப் பயமோ?”

மறுமுனையில் தொப்பி குலுங்கியது இங்கே கேட்டது. ஜீப்பையும் நேரே கடைக்கே வரச் சொல்லிவிடுவதாகச் சொன்னார் இராயப்பன். தோற்கப்போகிறவனுக்குக் கூட்டம் வேண்டும் என்பது அவர் கொள்கை.

★

மூன்று மணிக்குத் தோட்டத்துப் பிக்கப் வந்தது. முன்னால் இராயப்பன், பின்னால் காவல்காரர் இருவருக்கு நடுவில் அழகன். றிச்சர்ட் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். நாகலெட்சுமியை யாரும் ஏற்றவில்லை. செல்லசாமி போய் ஏற்றி வந்தான். பேக்கரிக்காரர் அடுப்பை விட்டுவிட்டு மேலே வந்தார். பஸ் ஸ்டாண்டில் பாதி காலி.

“ஒரே டோக்கன்,” என்றார் டீச்சர்.

“ஆமா, ஒரே டோக்கன்,” என்றான் லக்ஸ்மன். அவன் மீசை ஏனோ வேர்த்திருந்தது.

அழகன் கையைச் சாரத்தில் துடைத்தான். டீச்சர் அதைப் பார்த்தார்.

“தம்பி, கிளாக்கரையும் பாக்கவேண்டாம், அம்மாவையும் பாக்கவேண்டாம். அந்த அசிங்கமான பெட்டியைப் பாரும்.”

மூன்றேகாலுக்கு அவன் எடுத்தது நெருப்புக்காரியை. முதல் கிராமம் முடிந்தது. இடையில், கொழுந்துக் கூடை மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு குள்ளன் ஒருவன் குறுக்கே ஓடுவான். அவனை உதைத்தால் கூடையிலிருந்து மந்திரப் பாட்டில் விழும். பாட்டில் சேர்ந்தால் நெருப்பு மழை பெய்யலாம். அழகன் ஒரு குள்ளனையும் தப்பவிடவில்லை.

“கொழுந்து எடுக்கிறவன உதைச்சா பாட்டில் விழுதுன்னு கண்டுபுடிச்சவன் நம்ம ஊர்க்காரனாத்தான் இருக்கணும்,” என்றான் செல்லசாமி. இராயப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

முப்பது நிமிஷம். பாலம் வந்தது. ஐந்து எலும்புக்கூடு, பின்னால் இன்னும் ஐந்து. காலையிலிருந்து எல்லோரும் விழுந்த இடம். அழகனின் கட்டைவிரல் மந்திரப் பொத்தானுக்குப் போனது. கூட்டம் மூச்சை அடக்கியது. அப்போது றிச்சர்ட்டுக்கு விளையாட்டுப் பித்து தலைக்கேறி, தன்னை மறந்து கத்தினான்.

“டேய்! சனிக்கிழமை மாதிரி பாலத்துலயே எல்லாப் பாட்டிலையும் உடைச்சிராதடா! ரெண்டு வச்சுக்க!”

அழகனின் விரல் விலகியது. மந்திரமில்லாமல், நெருப்புக்காரியின் கைக்கத்தியாலேயே வெட்டினான். பாலத்தைத் தாண்டினான். கூட்டம் கைதட்டியது.

டீச்சர் றிச்சர்ட்டைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். செல்லசாமியின் வாய்கூடத் திறந்து மூடியது.

நான்கு மணி இருபத்து மூன்று நிமிஷம். தொரை விழுந்தான்.

“இப்ப தரை பிளக்கும் பாருங்க,” என்றார் இராயப்பன். “பெரிய தொரை வருவான்.”

“ஆமா, பெரிய தொரைதான்,” என்றான் லக்ஸ்மன் அவசரமாக. “அதுதானே முடிவு.”

தரை பிளக்கவில்லை. பெரிய தொரை வரவில்லை. ஒரு வாத்தியம் மெல்ல ஒலித்தது. இடப்பக்கமிருந்து ஒரு எலும்புக்கூடு எழும்பி வந்து நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு குதிரைக்காரன், பூதம், கூடைக்குள்ளன். வரிசை நிறைந்தது. கடைசியாகத் தொரை தள்ளாடி வந்து, கொம்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி குனிந்தான். மொட்டைத் தலை பளபளத்தது.

எல்லாப் பேயும் கும்பிட்டன.

நாகலெட்சுமி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கீழே ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

“லக்ஸ்மன்,” என்றார் டீச்சர், வகுப்பு முடிகிற மணிக் குரலில். “இந்த மெஷினின்ர முடிவு தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கம் இல்லையெண்டீர். இப்ப நீரே பிழையாச் சொன்னீர். அப்ப அழகனுக்கு முன்னமே எப்பிடித் தெரிஞ்சது? ஆரும் சொல்லிக் குடுக்கவும் ஏலாது, ஒருத்தரும் முடிக்கேல்லை எண்டு பலகை போட்டிருக்கிறீர். கொழும்பில பாத்திருக்கவும் ஏலாது. கார்ட் இல்லாத பொடியன் எந்தக் காவலரணைத் தாண்டிப் போவான்? சனிக்கிழமை இந்த இடத்தில நிண்டு முடிச்சவனுக்கு மட்டுந்தான் அந்தக் கும்பிடு தெரியும்.”

லக்ஸ்மன் பலகையைப் பார்த்தான். பலகை அவனைப் பார்த்தது.

“ஸ்கோர்... கரண்டு போனதும் அழிஞ்சிருச்சுங்க டீச்சர்,” என்றான். மீசை தொங்கியது. “அவன் முடிச்சு அந்தக் கும்பிடு வரவும் கரண்டு போகவும் சரியா இருந்துச்சாம். மத்த பசங்க போனப்புறம் நான் கீழ பேக்கரில பிளேன்டி குடிச்சிக்கிட்டிருந்தேன். வந்து பாத்தா இருட்டு. ஆதாரம் எங்கடா, போடான்னுட்டேன். தொறந்த அன்னிக்கே டிவி கேம எப்பிடிங்க குடுக்கிறது?”

“ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் காப்பாத்த ஒரு மனுஷனை ஜீப்பில ஏத்தப் பாத்தீர்.” டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “பாலத்தில வாற எலும்புக்கூட்டுக்குக்கூட உம்மை விடக் கொஞ்சம் சதை இருக்குது.”

இராயப்பன் தொண்டையைச் செருமினார். “சரி, விளையாடியிருக்கான். விளையாடிட்டு வந்து எடுத்திருப்பான்.”

“முடிக்க எடுத்தது ஒரு மணித்தியாலமும் எட்டு நிமிஷமும். சனிக்கிழமை முடிஞ்சது கரண்டு போன நாலரைக்கு. நீங்கள் அவரைக் கோயிலடியில கண்டது மூண்டேமுக்கால். உங்கட வாயால சொன்னது. அந்த நேரம் இவர் இங்க குள்ளனை உதைச்சுக்கொண்டு நிண்டவர். இதுக்குச் சாட்சி வேறயும் இருக்குது.” டீச்சர் திரும்பினார். “றிச்சர்ட் தம்பி, சனிக்கிழமை பாலத்தில அழகன் எல்லாப் பாட்டிலையும் உடைச்சது உமக்கு எப்பிடித் தெரியும்?”

றிச்சர்ட்டின் முகம் வெளிறியது. அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது.

“புது மெஷின்... கொஞ்ச நேரம் பாத்திட்டு வரலாம்னு...” என்றான். “பாலம் முடியவும் பயமாயிருச்சு, ஓடிட்டேன்.”

“ரெண்டு நிமிஷ வேலைக்கு ஹட்டன்வரைக்கும் வந்திருக்காரு,” என்றான் செல்லசாமி. “நல்ல தூரத்து வேலை.”

“அப்ப காவல் இல்லாமக் கோயில் திறந்து கிடந்தது,” என்றார் இராயப்பன், விட்டுக்கொடுக்காமல். “எவனோ ஒருத்தன் எடுத்திருக்கான். அவன் யாரு? அதச் சொல்லுங்க!”

சரியாக அந்த நேரம் கரண்டு போனது. மெஷின் ‘டுப்’பென்று செத்தது. கடை இருண்டது. யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.

“இப்ப இருட்டு,” என்றார் டீச்சரின் குரல். “இப்ப மெழுகுதிரி தேவை. உங்கட வீட்டில தேவையில்லை ஐயா. உங்கட வீட்டில பல்பு அணையிறதே இல்லையெண்டு ஊர் முழுக்கச் சொன்னவர் நீங்கள். பிறகேன் பட்டப்பகலில மெழுகுதிரி? அதுவும் ஆருக்கு முன்னால? கொம்பு வைச்ச பேய்ப் படத்துக்கு முன்னால, பூவும் வைச்சு.”

இராயப்பன் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டார்.

“அட!” என்றான் செல்லசாமி. “போன கிறிஸ்மஸுக்கு அந்தப் பெட்டி வந்தப்ப, வீட்டுக்குள்ள சாத்தான் படமான்னு சாமியாரக் கூப்பிட்டு தீர்த்தம் தெளிக்கச் சொன்னதே ஷிராணியம்மாதானேங்க!”

“பெட்டிக்கு வைக்கேல்லை. பெட்டிக்குள்ள இருக்கிறதுக்கு வைச்சவ. மாதாவின்ர கிரீடத்தை வெளிச்சமில்லாம வீட்டில வைச்சிருக்க அந்த மனுஷிக்கு மனம் வரேல்லை. உங்களைவிட அவவுக்குக் கொஞ்சம் பயபக்தி இருக்குது.” டீச்சர் மூச்சு விட்டார். “சனிக்கிழமை பூ வைக்கப் போனவ. காவலுக்கு மகனைக் காணேல்லை. பாதுகாப்புக்கு எண்டு கிரீடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவ. நீங்கள் பிந்திப் போய்ப் பாத்தியள், கிரீடமில்லை. மகன் காவல விட்டிட்டு ஓடினது வெளியில வரப்போகுது எண்டு, வாய்க்கு வந்த பேரைச் சொல்லிப் போட்டியள். கார்ட் கேட்டு எல்லாருக்கும் முன்னால வாய் காட்டினவன்ர பேர். வீட்டுக்குப் போனா கிரீடம் கட்டிலில கிடக்குது. சரியோ?”

இராயப்பன் தீக்குச்சி வெளிச்சத்திலிருந்து விலகி நின்று சொன்னார். “சொன்னத எப்பிடி டீச்சர் திருப்பி எடுக்கிறது? எனக்குக் கீழ ஆயிரம் பேரு இருக்காங்க.”

“அதுக்காக ஆயிரத்தில ஒருத்தனை அனுப்பிப் போடுறதோ?”

கீழே ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் படியேறியது. டோர்ச் வெளிச்சத்தோடு சார்ஜன் தலையை நீட்டி, “கோ ஹொரா?” என்று கேட்டார். கள்ளன் எங்கே என்று. அந்த வெளிச்சம் ஒவ்வொரு முகமாகப் போய், அழகனின் முகத்தில் நின்றது.

நாகலெட்சுமி மகனின் கையைப் பிடித்தாள்.

“ஐயா,” என்றார் டீச்சர் தாழ்ந்த குரலில், இராயப்பனுக்கு மட்டும். “பொய் முறைப்பாடு குடுத்தவருக்கும் ஜீப்பில இடமிருக்குது. இல்லாட்டி நீங்களே வாயைத் திறந்து, கிரீடம் வீட்டில பத்திரமா இருந்தது, பிழை என்ர எண்டு சொல்லுங்கோ. நாளைக்குக் காலமை, வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டில அதையே எல்லாருக்கும் சொல்லுங்கோ. தொரையின்ர கையெழுத்தும் சீலும் விழுந்த பாரமும் அந்த நேரம் அழகனின்ர கையில இருக்கோணும். உங்களுக்குப் பத்து எண்ண நேரம் தாறன். நான் கணக்கு டீச்சர்.”

ஏழிலேயே இராயப்பன் வாயைத் திறந்தார். சிங்களத்தில் திக்கித் திக்கிச் சொன்னார். சார்ஜன் கேட்டுவிட்டு, இவ்வளவு தூரம் பெற்றோல் எரித்ததற்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

லக்ஸ்மன் இருட்டில் தடவி, பிளாஸ்டிக் சுற்றிய டிவி கேமைக் கொண்டுவந்து அழகனிடம் நீட்டினான். அழகன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

“எங்க லயத்துல கரண்டே இல்லைங்களே,” என்றான்.

★

செவ்வாய் காலை ஆறரை. பெரட்டுக் களத்தில் பனி விலகவில்லை. கூடையும் கத்தியுமாகத் தோட்டம் முழுக்க வரிசையில் நின்றது. அழகன் அம்மாவின் பக்கத்தில். டீச்சர் த்ரீவீலரில், ஜன்னல் இல்லாத வண்டியைத் திட்டியபடி, சால்வைக்குள்.

இராயப்பன் வந்தார். கையில் கொம்பு வைத்த பேய்ப் படம் போட்ட பெட்டி. கிரீடத்தைக் கொண்டுவர வீட்டில் வேறு பெட்டி இல்லையாம். பின்னால் ஷிராணி, காற்றுக்குக் கையைப் பொத்தியபடி, எரிகிற மெழுகுதிரியோடு. கிளாக்கர் வீட்டு அம்மா பெரட்டுக்கு வந்தது தோட்டத்துச் சரித்திரத்தில் அதுவே முதல்தடவை. கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இராயப்பன் பேசினார். கேட்கவில்லை. “சத்தமா!” என்று வரிசையின் பின்பக்கமிருந்து ஒரு பெண் கத்தினாள். திரும்பப் பேசினார். பிழை தன்னுடையது என்ற இடத்தில் குரல் கீழே போயிற்று. ஆனாலும் கேட்டது. பிறகு நான்காக மடித்த பாரத்தை நீட்டினார். அழகன் வந்து வாங்கினான். மடிப்பைப் பிரித்து, சீல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நீலச் சீல். கீழே கையெழுத்து. பார்த்து முடிக்கும்வரை ஆயிரம் பேரும் காத்திருந்தார்கள்.

ஷிராணி கணவனின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

இராயப்பன் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். கையில் பிடித்துக்கொண்டு, நாகலெட்சுமி நின்ற பக்கமாக லேசாகக் குனிந்தார். காலை வெளிச்சத்தில் தலை பளபளத்தது.

அழகன் த்ரீவீலர் பக்கம் திரும்பி, குரலை அடக்கிச் சொன்னான்.

“பாத்தீங்களா டீச்சர்? நான் சொன்ன முடிவு இதுதாங்க.”